பொருத்தம் பார்க்கும் படிவம்

கண்டி, அக்குறணை, மடவளைப் பகுதிகளில் திருமணத் தகவல் சேவையைத் தொழிலாகச் செய்ய விரும்பும் சகோதரர்கள் முதலில் கவனிக்க வேண்டியது படிவத்தைத்தான். நான் பார்த்த படிவங்களில் வயது, உயரம், தொழில் எல்லாம் விபரமாக இருந்தன. 'எப்படிப்பட்டவர் வேண்டும்?' என்பதற்கு மட்டும் ஒரே வரி. எல்லோரும் 'மார்க்கப்பற்றுள்ள நல்ல குடும்பம்' என்றே எழுதுகிறார்கள். இதை வைத்து யாரை யாருக்குப் பேசுவது?

அமெரிக்காவில் 2004 இல் தொடங்கிய ஓகேகியூபிட் நமது பண்பாட்டுக்கு ஒத்துவராதது. ஆனால் அதன் கணக்கு கற்கத்தக்கது. ஒவ்வொரு விடயத்திலும் மூன்றைக் கேட்டார்கள்: உங்கள் பதில் என்ன, மறுதரப்பின் எந்தப் பதில்களை ஏற்பீர்கள், அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பின்னர் இரு தரப்புத் திருப்தியையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டார்கள். மாப்பிள்ளைக்கு 100, பெண்ணுக்கு 25 என்றால் சராசரி 62.5, இந்தக் கணக்கிலோ 50. ஒரு தரப்பின் அதிருப்தி மறைந்துவிடுவதில்லை.

நமது படிவத்திலும் 'மணமகள் தொழில் செய்யலாமா?' என்பதற்கு ஆம், இல்லை போதாது. 'விருப்பம், ஆட்சேபனையில்லை, கூடாது' என்று பிரியுங்கள். 'கூடாது' என்றால் புள்ளி போடாமல் அந்தப் பேச்சையே தவிர்த்துவிடுங்கள். சீதனம், குடியிருக்கும் ஊர் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். பெண்ணின் பதிலைத் தகப்பனார் எழுதாமல் அவரே எழுதட்டும்.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறியது. சட்டத்துக்கு முன்பே, படிவத்தில் எழுதப்படுவது நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அது கடைத்தெருவுக்கு வந்தால் ஒரு பிள்ளையின் வாழ்வு பாதிக்கும். உங்கள் தொழிலும் அத்தோடு முடியும்.