ஜெர்மனியின் நெருக்கடி மையங்கள்: வடிவமைப்பாளரைத் தேர்வு செய்வது விலையா, தரமா?

ஜெர்மனியில் ஒரு நகராட்சி அவசரகாலச் செயற்பாட்டு மையம் ஒன்றைப் புதிதாகக் கட்ட விரும்பினால், அடிக்கல் நாட்டப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே அது ஒரு கடினமான முடிவை எடுத்தாக வேண்டும். அந்தக் கட்டடத்தை வடிவமைக்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதே அது.

வெள்ளமோ பெருந்தீயோ ஏற்படும்போது தீயணைப்புத் துறை, மருத்துவ உதவி, காவல்துறை, நகர நிர்வாகம் ஆகியவற்றின் தகவல்கள் வந்து சேரும் இடம் அது. ஆனால் அதன் வடிவமைப்பாளரைத் தேர்வு செய்யும் நடைமுறை, ஒரு பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ பின்பற்றப்படும் அதே கொள்முதல் விதிகளின்படியே பெரும்பாலும் நடைபெறுகிறது.

2021 ஆம் ஆண்டு ஜூலையில் ஆஹ்ர் பள்ளத்தாக்கில் ஏற்பட்ட பெருவெள்ளத்துக்குப் பிறகு இந்த விவகாரம் கூடுதல் முக்கியத்துவம் பெற்றுள்ளது.

நிலவறையில் இயங்கிய தலைமையகம்

ஜெர்மனியின் மேற்கே ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தில் உள்ள ஆர்வைலர் மாவட்டத்தில், ஜூலை 14 ஆம் தேதி இரவு ஆஹ்ர் நதி கரையுடைத்துப் பாய்ந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அன்றிரவு மீட்புப் பணிகளை வழிநடத்திய குழு, மாவட்ட நிர்வாகக் கட்டடத்தின் நிலவறையிலிருந்து இயங்கியது. ஆற்றின் இரு கரைகளிலும் 50 மீட்டர் தொலைவுக்குள் வசிப்போர் வெளியேற வேண்டும் என்ற அறிவிப்பு இரவு 11.09க்குத்தான் வெளியானது. அதற்குள் ஆற்றின் மேற்பகுதிக் கிராமங்களை வெள்ளம் மூழ்கடித்திருந்தது.

நதி ரைனில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள சின்சிக் நகரை வெள்ளம் சென்றடையப் பல மணி நேரம் பிடித்தது. இருந்தும் அங்கு மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் தங்கியிருந்த 12 பேர் உயிரிழந்தனர். மேலே நடந்த பேரழிவின் அளவு கீழே இருந்தவர்களுக்கு உரிய நேரத்தில் உணர்த்தப்படவில்லை என்பதே இதன் பொருள்.

இது குறித்து விசாரித்த கோப்ளென்ஸ் அரசு வழக்கறிஞர் அலுவலகம், அப்போதைய மாவட்டத் தலைவர் யுர்கன் ஃபோலர் மீதான விசாரணையை 2024 ஏப்ரலில் கைவிட்டது. குற்றவியல் பொறுப்பை நிலைநாட்டப் போதிய முகாந்திரம் இல்லை என்று முடிவு செய்த அதே அலுவலகம், மாவட்டத்தின் பேரிடர் வழிநடத்தல் கட்டமைப்பு போதுமானதாக இருக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது.

அறையும் அமைப்பும்

ஜெர்மனியில் பேரிடர் பாதுகாப்பு மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நடைமுறையில் அப்பொறுப்பை மாவட்டங்களும் தனி மாவட்டத் தகுதி பெற்ற நகரங்களுமே சுமக்கின்றன. 2004 இல் பான் நகரில் நிறுவப்பட்ட மத்திய பேரிடர் அலுவலகத்தின் பணி, பெரும்பாலும் ஆலோசனையும் ஆதரவும் வழங்குவதாகும்.

தீயணைப்புத் துறையின் வழிநடத்தல் விதிகளின்படி, நெருக்கடிக் குழு ஒன்று ஆறு பிரிவுகளாகச் செயல்படுகிறது. ஆட்பலம், நிலவரம், களநடவடிக்கை, வழங்கல், ஊடகத் தொடர்பு, தகவல் தொழில்நுட்பம் ஆகியவையே அவை. வடிவமைப்பாளர் இந்தப் பணிமுறையைப் புரிந்துகொள்ளாமல் அறைகளைப் பிரித்தால், நிலவரப் பிரிவுக்கு வரும் செய்தி களநடவடிக்கைப் பிரிவைச் சென்றடைவதில் தாமதம் ஏற்படலாம்.

இடத்தேர்வும் அதேயளவு முக்கியமானது. நியூயார்க் நகரம் 1999 இல் தனது அவசரகால மையத்தை உலக வர்த்தக மையத்தின் ஏழாம் எண் கட்டடத்தில், 23வது மாடியில் திறந்தது. 2001 செப்டம்பர் 11 ஆம் தேதி, அந்த மையம் மிகவும் தேவைப்பட்ட காலைப்பொழுதில் அதிலிருந்தவர்கள் வெளியேற நேரிட்டது. மாலையில் கட்டடமே இடிந்து விழுந்தது. ஹட்சன் நதிக்கரையில் உள்ள ஒரு துறைமுக மேடையில் மாற்று மையம் அமைக்கப்பட்டது.

தேர்வு எப்படி நடக்கிறது?

வடிவமைப்புப் பணியின் மதிப்பு ஐரோப்பிய ஒன்றியம் நிர்ணயித்துள்ள வரம்பைத் தாண்டினால், ஜெர்மன் நகராட்சி அதை ஒன்றியம் முழுவதற்கும் அறிவிக்க வேண்டும். 2024, 2025 ஆம் ஆண்டுகளில் இந்த வரம்பு 2,21,000 யூரோவாக இருந்தது.

வழக்கமாக இது இரு கட்டங்களாக நடைபெறுகிறது. முதலில், விருப்பம் தெரிவிக்கும் நிறுவனங்களின் தகுதியும் முன்அனுபவமும் ஆராயப்படுகின்றன. அவற்றுள் குறைந்தது மூன்று நிறுவனங்கள் அடுத்த கட்டப் பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்படுகின்றன. சம தகுதி கொண்டோர் மிகுதியாக இருந்தால், சீட்டுக் குலுக்கித் தேர்வு செய்யவும் விதிகள் இடமளிக்கின்றன.

இங்கே ஒரு முரண்பாடு எழுகிறது. சிறிய அலுவலகங்களும் தொழிலுக்குப் புதியவர்களும் பங்கேற்கும் வகையில் தகுதி நிபந்தனைகள் அமைய வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் இத்தகைய மையங்கள் அரிதாகவே கட்டப்படுகின்றன. ஏற்கனவே ஒன்றைக் கட்டியவரை மட்டுமே நகராட்சி நாடினால் போட்டி சுருங்கிவிடும். அனுபவமே இல்லாதவரைத் தேர்ந்தெடுத்தால் அதன் விளைவை நகரவாசிகள் சுமக்க நேரிடும்.

தேர்வில் தோல்வியுற்ற நிறுவனம் கொள்முதல் தீர்ப்பாயத்தை நாடலாம். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன், தோற்றவர்களுக்குக் காரணத்தைத் தெரிவித்து, மின்னணு வழியிலானால் பத்து நாட்கள், இல்லையெனில் பதினைந்து நாட்கள் காத்திருப்பது கட்டாயம்.

கட்டணச் சர்ச்சை

கட்டடக் கலைஞர்களின் பணியை ஜெர்மன் கட்டண ஒழுங்குவிதி ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கிறது. தொடக்க ஆய்வுக்கு மொத்தக் கட்டணத்தில் 2 சதவீதமும், முன்வரைவுக்கு 7 சதவீதமும் மட்டுமே ஒதுக்கப்படுகின்றன. கட்டுமான மேற்பார்வைக்கு 32 சதவீதம். ஆனால் மையம் எங்கே அமைய வேண்டும், எதைத் தாங்க வேண்டும் என்பன போன்ற பிற்பாடு திருத்தவியலாத முடிவுகள் உருவாவது அந்தத் தொடக்கக் கட்டங்களில்தான்.

நீண்ட காலமாக இக்கட்டணங்களுக்குக் குறைந்தபட்ச, அதிகபட்ச வரம்புகள் இருந்தன. விலைப்போட்டி தரத்தைச் சீரழிக்கும் என்பது ஜெர்மன் அரசின் வாதம். 2019 ஜூலை 4 ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. குறைந்தபட்சக் கட்டணம் தரத்தைக் காக்க உதவக்கூடும் என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், தொழில்முறைத் தகுதியை நிரூபிக்காதவர்களும் திட்டமிடல் பணியைச் செய்ய ஜெர்மனி அனுமதிக்கும் நிலையில் அந்த வாதம் பொருந்தாது என்று கூறியது. 2021 ஜனவரி முதல் அக்கட்டணங்கள் வெறும் வழிகாட்டலாகவே உள்ளன.

2023 ஆகஸ்டில் இன்னொரு மாற்றம் வந்தது. அதுவரை கட்டட வரைவு, கட்டமைப்புப் பொறியியல், மின் மற்றும் காற்றோட்ட வசதிகள் ஆகியவற்றின் மதிப்பைத் தனித்தனியே கணக்கிட முடிந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் நெருக்குதலைத் தொடர்ந்து அதற்கு இடமளித்த விதி நீக்கப்பட்டது. இதனால் சிறு நகரங்களின் நடுத்தரத் திட்டங்களும் ஐரோப்பிய அளவிலான போட்டிக்குள் வருகின்றன. கட்டடக் கலைஞர், பொறியாளர் சபைகளும் நகராட்சி அமைப்புகளும் இதை எதிர்த்தன. திட்டங்கள் தாமதமாகும், சிறிய அலுவலகங்கள் ஓரங்கட்டப்படும் என்பது அவற்றின் கவலை.

தமிழர் வாழும் நிலங்களிலும்

இக்கேள்விகள் ஜெர்மனிக்கு மட்டும் உரியவையல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தியாவும் இலங்கையும் 2005 இல் பேரிடர் முகாமைத்துவச் சட்டங்களை இயற்றின. தமிழகத்தில் 1070, இலங்கையில் 117 ஆகிய எண்கள் அவசர மையங்களுடன் மக்களை இணைக்கின்றன. ஆனாலும் 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டபோது, அடையாற்றங்கரை மக்களுக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்ததா என்ற சர்ச்சை எழுந்தது.

நல்ல கட்டடம் மட்டுமே உயிர்களைக் காத்துவிடாது. பயிற்சி பெற்ற குழுவும், முடிவெடுக்கத் தயங்காத தலைமையும் அதற்குத் தேவை. அதேவேளை, அத்தகைய குழுவும்கூட மின்சாரமோ தொடர்போ அற்ற அறையில் செயலிழந்துபோகும்.

ஆகவே, வடிவமைப்பாளரைத் தேடும் நகராட்சி விளம்பரம் வெளியிடும் முன்பே தனக்குத் தானே விடை காண வேண்டிய கேள்விகள் உண்டு. எந்த ஆபத்து வரலாம், அன்று அறையில் யார் இருப்பார்கள், மையமே செயலிழந்தால் மாற்றிடம் எது என்பவையே அவை. இவற்றுக்குத் தெளிவான விடையில்லாத நிலையில் நடத்தப்படும் தேர்வில், இறுதியில் ஒப்பிடுவதற்கு எஞ்சுவது விலை மட்டுமே.