இரும்புச்சத்து மாத்திரையால் மட்டும் தீராத ரத்தசோகை: மேற்கு வங்கம் காட்டும் மற்றொரு காரணம்

கொல்கத்தா: மேற்கு வங்கத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 71.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளதாக, 2019-21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு தெரிவிக்கிறது. முந்தைய ஆய்வில் இது 62.5 சதவீதமாக இருந்தது. தேசிய சராசரி 57 சதவீதம், தமிழகத்தில் 53.4 சதவீதம்.

ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் ரத்தத்தில் குறைவதே ரத்தசோகை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைவாக இருந்தால் ரத்தசோகை எனக் கொள்ளப்படுகிறது. சோர்வு, மூச்சிரைப்பு, படபடப்பு ஆகியவை பொதுவான அறிகுறிகள். பச்சரிசி, மண், ஐஸ் கட்டி ஆகியவற்றைத் தின்னும் வேட்கை இரும்புச்சத்துக் குறைவைக் காட்டக்கூடும். வீடுகளில் இது வெறும் பழக்கமாகவே கருதப்பட்டு விடுகிறது.

இரும்புச்சத்துக் குறைபாடே முதன்மைக் காரணம். அதனால்தான் 2018-இல் தொடங்கப்பட்ட 'ரத்தசோகை இல்லா பாரதம்' திட்டத்தில் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல நிற மாத்திரையும், கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் சிவப்பு நிற மாத்திரையும் வழங்கப்படுகின்றன. குடற்புழு நீக்கமும் இத்திட்டத்தில் அடங்கும்.

ஆனால் வங்காளத்தில் மற்றொரு காரணமும் கணிசமாக உள்ளது. கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ரத்தவியல் அறிஞர் ஜோதி பூஷண் சட்டர்ஜியும் அவரது சக ஆய்வாளர்களும், 'ஹீமோகுளோபின் இ' என்னும் மரபணு மாற்றம் வங்காளிகளிடையே பரவலாக இருப்பதை 1950-களிலேயே பதிவு செய்தனர். பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களும் இங்கு உண்டு. இவ்விரு பிரிவினருக்கும் ரத்தச் சிவப்பணுக்கள் சிறுத்துக் காணப்படும். ஹீமோகுளோபின் சற்றுக் குறையலாம். உடலில் இரும்பு போதிய அளவில் இருந்தால், எத்தனை மாத்திரை உட்கொண்டாலும் அந்த அளவு உயராது.

விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தம் அளவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி ஆகிய பரிசோதனைகளே காரணத்தைத் தெளிவுபடுத்தும். மரபணுவைச் சுமப்பவருக்கு இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது தவறு.

மாத்திரை பலன் தராததற்கு எளிய காரணங்களும் உண்டு. தேநீர் இரும்பு உட்கிரகிக்கப்படுவதைத் தடுக்கிறது. மண்குவளைத் தேநீர் நாள் முழுவதும் கைமாறும் கொல்கத்தாவில் இதனைச் சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கடினம். உணவுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீரைத் தவிர்ப்பது நல்லது. கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் உட்கொள்ள வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை இரும்பு சேர உதவும். மலம் கறுப்பது இயல்பே. ஹீமோகுளோபின் சீரான பிறகும், இரும்புச் சேமிப்பு நிரம்ப ஏறத்தாழ மூன்று மாதங்கள் மாத்திரையைத் தொடர வேண்டும்.

மரபணுவை ஒருவர் மட்டும் சுமந்தால் பெரும்பாலும் பாதிப்பில்லை. தம்பதியரில் ஒருவரிடம் பீட்டா தலசீமியாவும் மற்றவரிடம் ஹீமோகுளோபின் இ மரபணுவும் இருந்தால், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தை இரண்டையும் பெற 25 சதவீத வாய்ப்பு உண்டு. அவ்வாறு பிறக்கும் குழந்தைகளில் சிலருக்கு வாழ்நாள் முழுவதும் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். எனவே திருமணத்துக்கு முன்போ, கருவுற்ற தொடக்க வாரங்களிலோ இருவரும் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். நஞ்சுக்கொடித் திசுவைக் கொண்டு கருவைச் சோதிக்கும் முறைக்கு ஏற்ற காலம் 11 முதல் 14-ஆவது வாரம் வரை மட்டுமே.