கானோடெர்மா: சீனக் காளானுக்குள் என்னதான் இருக்கு?

ஏழாயிரம்பண்ணையில் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிற சித்தி போனில் கேட்டாங்க: "சுகருக்கு ஏதோ சீனக் காளான் மாத்திரையாம்ல, இங்கிலீஷ் மாத்திரைய நிறுத்திரலாங்காக. வாங்கட்டுமா?" நிறுத்தவே கூடாதுன்னு சொல்லிட்டேன். ஏன் என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

அந்த மாத்திரை கானோடெர்மா. ஜப்பானியர்களுக்கு ரெய்ஷி, சீனர்களுக்கு லிங்ஜி. இந்தக் குடும்பம் நமக்குப் புதுசு இல்லை. 1952 புயலுக்கு அப்புறம் தஞ்சாவூர்த் தென்னைகளில் தெரியவந்த வாடல் நோய்க்குக் காரணமே ஒரு கானோடெர்மாதான். மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னினையே செரித்துவிடும். பட்ட மரத்தடியில் வார்னிஷ் அடித்த மாதிரி பளபளன்னு முளைத்திருக்கும். மருந்துக்கு வளர்ப்பது அதன் நெருங்கிய சொந்தம்.

உள்ளே முக்கியமாக ரெண்டு சரக்கு. ஒன்று, ட்ரைடெர்பீன்கள். காளானின் கடுங்கசப்புக்கு இவைதான் காரணம். 1982-இல் ஜப்பானில் கானோடெரிக் அமிலம் ஏ, பி இரண்டையும் பிரித்தெடுத்தார்கள். இன்று நூற்றுக்கு மேல் தெரியும். சோதனைக் குழாயில் இவை காட்டாத வித்தை கிடையாது. ஆனால் தண்ணீரில் லேசில் கரையாது, ஆல்கஹால் வேண்டும்.

இன்னொன்று பீட்டா குளுக்கான். குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலி. நம்ம சோற்று மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான். கோத்த விதம்தான் வேற. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் நம் நோய் எதிர்ப்புச் செல்கள் 'இது காளான்' என்று அடையாளம் காண்கின்றன. இது கைட்டின் சுவருக்குள் சிக்கிக்கிடப்பதால் சுடுதண்ணீரில் நெடுநேரம் கொதிக்க வேண்டும். சீனர்கள் கஷாயமாக வைத்தது சும்மா இல்லை. வெறும் பொடியை கேப்சூலில் அடைத்தால் அந்த வேலை நடக்காது.

மாவுச்சத்தும் இதுவும் ஒரே குளுக்கோஸ் என்பதால் ஏமாற்றுவதும் சுலபம். அமெரிக்கக் கடைகளில் வாங்கிய 19 ரெய்ஷி மாத்திரைகளைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், லேபிளில் சொன்னபடி இருந்தவை 5 மட்டுமே. சிலதில் மாவுச்சத்து மாதிரியான சர்க்கரைதான் இருந்தது!

சரி, சுகருக்குக் கேட்குமா? மனிதர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு 2015-இல் சொன்னது: இரண்டாம் வகை நீரிழிவில் இதைப் பரிந்துரைக்க ஆதாரம் இல்லை. புற்றுநோய்க்கும் முதல் சிகிச்சையாக இதை வைக்க ஆதாரம் இல்லை என்றுதான் அவர்களுடைய இன்னொரு தொகுப்பு சொல்கிறது.

இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கும் பொருள்களும் இந்தக் காளானில் உண்டு.