மருந்து விற்ற காசில் சங்கீதம்

மார்கழி வந்தால் எங்கள் மயிலாப்பூரில் சபா கேன்டீன் வரைக்கும் கச்சேரிப் பேச்சுதான். அந்தப் பேச்சில் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் பெயர் அதிகம் அடிபடுவதில்லை என்பது என் ஆதங்கம்.

1859-ல் தென்காசி பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். பக்தியுள்ள கிறிஸ்தவர்; கீர்த்தனைகளும் எழுதியிருக்கிறார். தஞ்சாவூரில் அவரும் மனைவியும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை பார்த்தார்கள். பிறகு வேலையை விட்டுவிட்டு, சித்த மருந்து தயாரித்து விற்க இறங்கினார். மாதச் சம்பளத்தை விடுவது என்றால் வீட்டில் எவ்வளவு கலக்கம் இருந்திருக்கும்! நல்லவேளை, மருந்து பேர் வாங்கியது.

அந்த வருமானத்தில்தான் 1912-ல் சங்கீத சங்கம் தொடங்கி, வித்வான்களை வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் இசை நூலும் வெளியிட்டார். அடுத்த இரண்டு வருஷத்தில் காலமாகிவிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1916-ல் நடந்த பரோடா மாநாடு. ஒரு ஸ்தாயியில் சுருதி 22 என்று மற்றவர்கள் சொல்ல, இவர் 24 என்றார். அதை வீணையில் வாசித்துக் காட்டியது யார் தெரியுமா தோழிகளே? அவருடைய பெண்கள்! குடும்பப் பெண்கள் சபையேறவே தயங்கிய காலம் அது.

"கல்யாணமானா யார் வாசிக்கப் போறா, கிளாஸை நிறுத்திடு" என்று என் மகளின் வீணையைப் பற்றி மாமியார் சொன்னபோது, இந்தப் பரோடா கதையைத்தான் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. இந்த மாத ஃபீஸ் கட்டியாயிற்று.

- ஒரு வாசகி, மயிலாப்பூர்