வக்கீல் படிப்பு நுழைவுத் தேர்வு: கடைசி 20 நாளில் எதைப் படிப்பது, எதை விடுவது?



சென்ற ஆண்டு நவம்பர் மாதக் குழுக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மேடம், சங்கத்துல அஞ்சாயிரம் உள்கடன் வாங்கித்தான் பாப்பாவுக்கு வக்கீல் பரீட்சைக்குப் பணம் கட்டினேன். இன்னும் இருபது நாள்தான் இருக்கு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிக்கிறா. ஆனா படிக்கப் படிக்க மார்க்கு குறையுதுன்னு அழுவுறா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

அந்தக் கடனைக் கொடுக்கும்போதே குழுவில் பேச்சு வந்தது. “பொம்பளப் புள்ளைக்கு வக்கீல் படிப்பு எதுக்கு?” என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அதனால் அந்தப் பிள்ளைக்கு இது வெறும் பரீட்சை இல்லை. அம்மாவின் மானமும் அதில் இருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மேசை மேல் ஒன்பது புத்தகங்கள். அதில் ஒன்று நான் வாங்கிக் கொடுத்தது. நாடுகளின் தலைநகரம், நாணயம் என்று 800 பக்கம் உள்ள பொது அறிவுப் புத்தகம். அது இந்தத் தேர்வுக்கு அதிகம் உதவாது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பிள்ளையோ கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் உதவும்.

கிளாட் என்றால் என்ன?

பிளஸ் டூ முடித்தவர்கள் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் 5 ஆண்டு சட்டப் படிப்பில் சேர எழுதும் பொது நுழைவுத் தேர்வுதான் ‘கிளாட்’. 2008-ல் தொடங்கியது. இப்போது இதை நடத்துவது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. 2017-ல் உருவானது. நம்மைப் போலவே அவர்களும் ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! நம் மாநிலத்தில் திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இந்தத் தேர்வு வழியாகத்தான் சேர்க்கை. அங்கே தமிழ்நாட்டு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. டெல்லியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் ‘ஐலெட்’ என்று தனித் தேர்வு வைக்கிறது.

பிளஸ் டூவில் 45 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 40 சதவீதம் போதும். பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். வயது உச்சவரம்பு இல்லை. விண்ணப்பக் கட்டணம் கடந்த சில ஆண்டுகளாக 4,000 ரூபாய்; எஸ்.சி., எஸ்.டி., வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு 3,500 ரூபாய். தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு இது பெரிய சுமைதான், மறைக்க வேண்டியதில்லை.

வினாத்தாள் எப்படி இருக்கும்?

120 கேள்வி, 120 நிமிடம், 120 மதிப்பெண். 2023 டிசம்பர் 3 அன்று நடந்த தேர்விலிருந்து இந்த முறை. ஒவ்வொரு பகுதியிலும் முதலில் ஒரு பத்தி கொடுப்பார்கள். அதைப் படித்துவிட்டுக் கீழே உள்ள கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும்.

1. நடப்புச் செய்திகள், பொது அறிவு: 28 முதல் 32 கேள்வி
2. சட்டம் சார்ந்த சிந்தனை: 28 முதல் 32 கேள்வி
3. ஆங்கிலம்: 22 முதல் 26 கேள்வி
4. தர்க்கச் சிந்தனை: 22 முதல் 26 கேள்வி
5. கணக்கு: 10 முதல் 14 கேள்வி

சரியான விடைக்கு 1 மார்க். தப்பான விடைக்குக் கால் மார்க் குறையும். நாலு தப்பு செய்தால் ஒரு சரியான விடை கையை விட்டுப் போகும். எழுதாமல் விட்டால் ஒன்றும் குறையாது.

முதலில் கணக்குப் பாருங்கள்

நாம் கடன் கேட்பவரிடம் “எதுக்கு, எவ்வளவு, எப்படித் திரும்பும்?” என்று கேட்கிறோம் அல்லவா? படிக்கும் நேரத்தையும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பிள்ளையின் கடைசி மாதிரித் தேர்வுத் தாளை எடுத்து எண்ணினோம். 56 சரி, 44 தப்பு, 20 எழுதவில்லை. 44 தப்புக்கு 11 மார்க் போய்விட்டது. மிச்சம் 45. கணக்கில் 12 கேள்விக்கு 4 சரி. நடப்புச் செய்தியில் 30 கேள்விக்கு 11 சரி. ஆனால் தினமும் கணக்குக்கு இரண்டரை மணி நேரம், நடப்புச் செய்திக்கு அரை மணி நேரம் என்று படித்துக்கொண்டிருந்தாள்! “கணக்குதான் எனக்கு வராது அக்கா, அதான் அதையே போட்டுப் பாக்குறேன்” என்றாள்.

இங்கேதான் நம் பிள்ளைகள் தப்பு செய்கிறார்கள். வராததை வரவழைக்க ஆறு மாதம் இருந்தால் சரி. 20 நாளில் அப்படிச் செய்தால், வரக்கூடியதும் கெட்டுப்போகும்.

எதைப் படித்தால் ஏறும்?

பாடங்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, படித்தால் ஏறுவது. மற்றது, பழகினால் ஏறுவது.

*நடப்புச் செய்திகள்* படித்தால் ஏறுவது. மற்ற பகுதிகளில் விடை பத்திக்குள்ளேயே பெரும்பாலும் இருக்கும். இங்கே மட்டும் பத்தி ஒரு செய்தியைச் சொல்லும், கேள்வி அதைத் தாண்டிப் போகும். தெரிந்திருந்தால்தான் எழுத முடியும். ஆகவே கடைசி 20 நாளில் அதிக நேரம் இதற்குத்தான். கடந்த ஓராண்டுச் செய்திகளில் புதிய சட்டங்கள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், சர்வதேச அமைப்புகள், நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தங்கள், விருதுகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஒவ்வொரு செய்திக்கும் அதன் பின்னணியையும் ஐந்து வரியில் எழுதி வையுங்கள்.

சில செய்திகள் ஓராண்டு தாண்டினாலும் பேச்சில் இருக்கும். உதாரணமாக, 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தருவதற்காக 2023-ல் அரசியலமைப்பின் 106-வது திருத்தம் வந்தது. பட்டியல் சாதியினருக்குள் உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, 6 பேர் ஒரு பக்கமும் ஒருவர் மறு பக்கமுமாகத் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு தரும் 2009-ம் ஆண்டுச் சட்டமும் இதோடு சேர்ந்தது. செய்தியை நம் ஊரோடு சேர்த்துப் படித்தால் மறக்காது.

*சட்டப் பகுதி* பாதி படிப்பு, பாதி பழக்கம். சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விதியைப் பத்தியிலேயே சொல்லிவிடுவார்கள். ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம், குற்றவியல் சட்டம், அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் ஆகிய நான்கின் முக்கியச் சொற்களைத் தெரிந்துகொண்டால் பத்தி சீக்கிரம் புரியும். முழுச் சட்டப் புத்தகம் வேண்டாம்.

இந்தப் பகுதியில் பிள்ளை 9 தப்பு செய்திருந்தாள். அதில் 6 ஒரே மாதிரித் தப்பு. விதியைப் பார்க்காமல் தன் மனசுக்கு நியாயம் என்று பட்டதை எழுதியிருந்தாள். ஒரு உதாரணம் சொல்கிறேன். “18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது” என்று பத்தியில் விதி இருக்கிறது. 17 வயதுப் பெண் தவணையில் தையல் மெஷின் வாங்கி, இரண்டு தவணையோடு நிறுத்திவிட்டாள். அந்த ஒப்பந்தத்தைக் காட்டிக் கடைக்காரர் மீதித் தவணையைக் கேட்க முடியுமா? நம் மனசு, “வாங்கினா கட்டத்தானே வேணும்” என்று சொல்லும். விதிப்படி முடியாது என்பதே விடை. நம் குழுவிலும் 18 வயது நிறையாதவரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை அல்லவா? அதை நினைத்துக்கொண்டால் போதும். கேள்வி கேட்பது “எது நியாயம்?” என்று இல்லை, “இந்த விதிப்படி என்ன?” என்றுதான்.

*ஆங்கிலமும் தர்க்கமும்* பழகினால் ஏறுபவை. 20 நாளில் ஆயிரம் புது வார்த்தை மனப்பாடம் செய்வது வீண். தினமும் ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கம் ஒன்றைப் படித்து, “எழுதினவர் என்ன சொல்ல வர்றார்? அதுக்கு என்ன காரணம் காட்டுறார்?” என்று இரண்டு வரியில் தமிழிலேயே சொல்லிப் பார்க்கட்டும். இரண்டு பகுதிக்கும் இந்த ஒரே பயிற்சி உதவும்.

*கணக்கு* பத்தாம் வகுப்பு அளவுதான். சதவீதம், விகிதம், சராசரி, அட்டவணை பார்த்து விடை எழுதுவது ஆகிய நான்கு மட்டும் தினமும் 30 நிமிடம் போடட்டும். மற்றதை விட்டுவிடலாம். நம் குழுக் கணக்கையே எடுங்கள். 20 பேர் மாதம் 100 ரூபாய் சேமித்தால் 2,000 ரூபாய். 120 ஆக்கினால் 2,400. கூடியது 20 சதவீதம். திரும்ப 100 ஆக்கினால் குறைவது 20 சதவீதமா? இல்லை, 16.67 சதவீதம்தான். இப்போது அடிப்படைத் தொகை 2,400 அல்லவா! இந்த ஒன்று புரிந்தால் சதவீதத்தில் பாதி பயம் போய்விடும்.

20 நாள் எப்படிப் பிரிப்பது?

முதல் 12 நாள்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழு மாதிரித் தேர்வு. மதியம் 2 மணி முதல் 4 மணி வரை எழுத வேண்டும். உண்மையான தேர்வும் அந்த நேரத்தில்தான் நடந்துவருகிறது. சாப்பிட்டதும் தூக்கம் வரும் நேரம் அது, உடம்பு பழக வேண்டும். மறுநாள் அந்தத் தாளின் தப்புகளை மட்டும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். தப்பு விடை மட்டும் போதாது, ஏன் தப்பாச்சு என்ற காரணமும் வேண்டும்.

அடுத்த 6 நாள்: இரண்டு மாதிரித் தேர்வு போதும். மீதி நேரம் தப்பு நோட்டும் நடப்புச் செய்திக் குறிப்பும் மட்டும்.

கடைசி 2 நாள்: தேர்வு வேண்டாம். குறிப்பை ஒருமுறை புரட்டிவிட்டு நேரத்தோடு தூங்க வேண்டும்.

பழைய வினாத்தாள்கள் கூட்டமைப்பின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2020-க்கு முந்தைய தாள்கள் வேறு முறையில் 200 கேள்விகள் கொண்டவை, அவற்றை இப்போது எடுக்க வேண்டாம். 2020 முதல் சில ஆண்டுகள் 150 கேள்வி இருந்தாலும் பத்தி முறைதான், அவற்றைப் பயன்படுத்தலாம்.

தேர்வில் ஒரு கேள்வி தெரியவில்லையா? இரண்டு விடையை நிச்சயமாக நீக்க முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றை எழுதலாம். ஒன்றையும் நீக்க முடியாவிட்டால் விட்டுவிட்டு நகர வேண்டும். நேரமும் காசு மாதிரிதான்.

அம்மாக்கள் செய்ய வேண்டியது

ஆங்கிலம் தெரியாத அம்மாவால் என்ன உதவ முடியும் என்று நினைக்காதீர்கள். நான்கு வேலை உங்களால்தான் முடியும்.

1. மதியம் 2 முதல் 4 வரை தண்ணீர் எடுக்க, தம்பியைப் பார்க்க, கடைக்குப் போகக் கூப்பிடாதீர்கள். 20 நாளைக்கு அந்த இரண்டு மணி நேரம் அவளுக்குச் சொந்தம்.
2. இரவு 10.30-க்கு விளக்கை அணையுங்கள். தூங்காத தலையில் பத்தி ஏறாது.
3. ஹால் டிக்கெட், அடையாள அட்டை, நீலம் அல்லது கறுப்புப் பால்பாயின்ட் பேனா இரண்டு, எல்லாம் ஒரே பையில் மூன்று நாள் முன்பே இருக்கட்டும். ஹால் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.
4. சமீப ஆண்டுகளில் தேர்வு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிறது. மழைக்காலம், பஸ்ஸும் குறைவு. மையம் நகரத்தில் இருக்கும். முடிந்தால் முந்தின நாளே போய்விடுங்கள்.

இது ஒன்றுதான் வழியா?

இல்லை சகோதரிகளே! தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அரசு சட்டக் கல்லூரிகளில் 5 ஆண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. ஆகவே கிளாட்டுக்காகப் பள்ளிப் பாடத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டு கதவையும் திறந்து வையுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். கணக்கு நேரத்தைக் குறைத்தாள், செய்தி நேரத்தைக் கூட்டினாள், தப்பு நோட்டு போட்டாள். தேர்வில் மார்க் கூடியது. ஆனால் திருச்சியில் இடம் கிடைக்கிற அளவுக்குக் கூடவில்லை. ரெண்டு நாள் அழுதாள். அப்புறம் பிளஸ் டூ பரீட்சைக்கு உட்கார்ந்தாள். நல்ல மதிப்பெண் வாங்கி இப்போது ஒரு அரசு சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். “ஒப்பந்தச் சட்டம் வகுப்புல ஆரம்பிச்சப்ப, தையல் மெஷின் ஞாபகம் வந்துச்சுக்கா” என்று போனில் சொன்னாள்.

அம்மா அந்த 5,000 ரூபாயைப் பத்துத் தவணையில் கட்டி முடித்துவிட்டார். தீர்மான நோட்டில் “கல்விக் கடன்” என்று எழுதியிருக்கிறது. அன்று முணுமுணுத்த இருவரில் ஒருவர் போன மாதக் கூட்டத்தில் என்னிடம், “மேடம், என் தங்கச்சி பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா. இந்தப் பரீட்சைக்கு எப்பப் பணம் கட்டணும்?” என்று கேட்டார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பணம் அடுத்த வருடம் கட்டலாம். ஆங்கிலப் பத்திரிகை படிப்பதை இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள். கடைசி 20 நாள் என்பது சேர்த்து வைத்ததை எடுத்துச் செலவு செய்யும் நாள். சேமிப்பு முன்பே இருக்க வேண்டும். இது நமக்குத் தெரியாததா என்ன?