பத்தாயிரம் முறை கட்டப்படும் மாளிகை

சிட்னித் துறைமுகத்தின் ஓரத்தில், பாய் விரித்த தோணிகள் கரையணைந்து நிற்பதுபோல் விளங்கும் இசை நாடக மாளிகைக்கு, டென்மார்க் தேசத்துக் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சனின் சித்திரங்கள் 1957ஆம் ஆண்டு தேர்வு பெற்ற காலத்தில் உத்தேசித்த செலவு, பவுண்டை டாலராக மாற்றிச் சொன்னால், 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 1973இல் மாளிகை திறக்கப்பட்டபோது ஆகியிருந்த செலவோ 10 கோடியே 20 லட்சம். கூரை எந்த வடிவில் அமையும் என்பதே தீர்மானமாகாத நிலையில், அரசாங்கத்தின் அவசரத்தால் 1959இல் வேலை தொடங்கிவிட்டது. பின்னர் கூரையின் பாரம் தெரியவந்தபோது, எழுப்பிய தூண்கள் சிலவற்றை இடித்து மீண்டும் கட்ட நேர்ந்தது. அந்தக் கூரை தாங்குமா என்று கணக்கிடக் கம்ப்யூட்டரை அன்றே பிரயோகித்தார்கள் என்பதும், கஜானா தாங்குமா என்று கணக்கிட அதை யாரும் நாடவில்லை என்பதும் வேடிக்கைதான்.

எஸ்டிமேட் போடும் பழைய முறை யாவரும் அறிந்ததே. மண் வேலை இத்தனை கனமீட்டர், கான்கிரீட் இத்தனை, கம்பி இத்தனை டன் என்று அளவெடுத்து, ஒவ்வொன்றையும் அதனதன் விலையால் பெருக்கிக் கூட்டினால் அடியில் ஒரே ஒரு தொகை வந்து நிற்கும். அந்த ஒற்றைத் தொகையில்தான் மோசம் ஒளிந்திருக்கிறது. அஸ்திவாரம் தோண்ட 10 லட்சம் டாலர் ஆகும் என்று அனுபவசாலி ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் அநுகூலமாக அமைந்தால் 9 லட்சத்தில் முடியலாம். பாறையோ ஊற்றோ குறுக்கிட்டால் 18 லட்சம் வரை ஏறலாம். இம்மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துப் பாருங்கள், 12 லட்சத்துக்கும் மேல் போகிறது! செலவு இறங்கச் சிறிதளவே இடமுண்டு, ஏறவோ வெகுதூரம் இடமுண்டு. ஆகையால் ஒவ்வோர் இனத்துக்கும் நியாயமாகத் தோன்றும் தொகையையே போட்டுக் கூட்டினாலும், எவரும் பொய் சொல்லாமலே, மொத்தம் குறைந்து போகிறது.

இதற்குப் பரிகாரமாக வந்த முறைக்கு, சூதாட்டத்துக்குப் பேர்போன மான்டி கார்லோ நகரத்தின் பெயர் வாய்த்தது. 1946இல் நோயிலிருந்து தேறிவந்த கணித மேதை ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியே சீட்டாடிப் பொழுது போக்குகையில், ஆட்டம் கைகூடும் வாய்ப்பைச் சூத்திரத்தால் காண்பதைவிட நூறு முறை ஆடிப் பார்த்து எண்ணிவிடுவது சுலபமல்லவா என்று எண்ணினார். அணுகுண்டு ஆராய்ச்சிக்குப் பயன்பட்ட அந்த யோசனையே இன்று கட்டடக் கணக்குக்கும் உதவுகிறது. கம்ப்யூட்டர் ஒவ்வோர் இனத்துக்கும் உரிய கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் நடுவே சீட்டெடுப்பதுபோல் ஒரு விலையை எடுத்துக் கூட்டி, மாளிகையைக் காகிதத்திலேயே பத்தாயிரம் தடவை கட்டி முடித்து, மொத்தங்களை ஏறுவரிசையில் அடுக்கித் தருகிறது. ஆஸ்திரேலிய மத்திய அரசு நிலப்போக்குவரத்துத் திட்டங்களுக்கு இவ்வகையில் இரண்டு தொகைகளைக் கேட்கிறது: நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பில் மிஞ்சாதது ஒன்று, நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பில் மிஞ்சாதது மற்றொன்று.

ஆனால் யந்திரத்தையும் ஏமாற்றலாம். நகரெங்கும் கட்டட வேலை மும்முரமானால் இரும்பின் விலையும் கொத்தரின் கூலியும் கைகோத்துக்கொண்டே உயரும். இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றவை என்று எண்ணிச் சீட்டெடுத்தால், ஒன்றின் நஷ்டத்தை மற்றொன்றின் லாபம் சரிக்கட்டி, ஆபத்து குறைவென்ற பிரமை உண்டாகிறது. எல்லைகளைச் சொல்பவரும் மனிதரே; தம் திட்டம் நிறைவேற வேண்டுமென்ற ஆசை அவர் சொல்லும் மேலெல்லையைத் தாழ்த்திவிடும். இதனால்தான் பிரிட்டிஷ் நிதித்துறையின் வழிகாட்டி, சாதாரணக் கட்டடமானால் முதல் மதிப்பீட்டுக்கு மேல் நூற்றுக்கு 24 வரையும், அபூர்வமான கட்டடமானால் 51 வரையும் கூட்டிக்கொள்ளச் சொல்லிற்று.

சிட்னி மாளிகை அந்த 51ஐயும் எள்ளி நகையாடியிருக்கும். அதன் செலவில் பெரும்பகுதியைக் கொடுத்தது வரிப்பணமன்று. மாநில அரசு நடத்திய லாட்டரி. சீட்டு வாங்கியவர்களின் காசைக் கொண்டே 1975இல் கணக்குத் தீர்ந்தது.