காட்டை ஆக்கிய நெருப்பு

பெங்களூருவில் வாழும் நம்மவருள் மைசூரு வழியாக உதகைக்கு ஒருமுறையேனும் சென்று வராதவர் சிலரே. குண்டலுப்பேட்டையைக் கடந்ததும் பந்திப்பூர்க் காடு தொடங்குகிறது. கோடையின் தொடக்கத்தில் அவ்வழிச் செல்வோர், சாலையோரத்துப் புல் எரிக்கப்பட்டு நிலம் கருநிறப் பட்டையாய்க் கிடப்பதைக் கண்டிருக்கலாம். அதனை எரிப்பவர் காட்டைக் காக்கும் வனத்துறையினரே. பெருந்தீ பரவாமல் தடுப்பதற்காகச் சிறுதீ மூட்டுகின்றனர். நெருப்பு காட்டிற்குப் பகையா, துணையா என்னும் வினா இங்கே எழுகிறது. அதற்கு விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கன்னட நாட்டின் வடபகுதியில், பல்லாரி முதலிய மாவட்டங்களில், சாம்பல் மேடுகள் பல உள்ளன. ஹம்பிக்கு அருகிலுள்ள ஒரு மேட்டினை வாலியை எரித்த இடம் என்று மக்கள் கூறுவர். தொல்லியலார் கண்டதோ வேறு. ஏறத்தாழ 4,000, 5,000 ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு வாழ்ந்த புதிய கற்கால மக்கள் மாடுகளைத் தொழுவத்தில் அடைத்து வளர்த்தனர். குவிந்த சாணத்தை அவ்வப்போது எரித்தனர். அச்சாம்பலே மேடாய் எழுந்தது. ஆல்சின் என்னும் அறிஞர் 1963-இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்துள்ளார். சில இடங்களில் வெப்பம் மிகுந்து சாம்பல் உருகிக் கண்ணாடிபோல் இறுகியிருக்கிறது. தக்காணத்தில் ஆயர் வாழ்வு நெருப்போடு இணைந்தே வளர்ந்தது என்பதற்கு இம்மேடுகள் சான்றாகும்.

நம் இலக்கியமும் இதற்குப் புறம்பன்று. குறிஞ்சி நிலத்துக் குறவர் காட்டை வெட்டி எரித்து, அச்சாம்பல் உரமாகத் தினை விதைத்ததைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. பாரதத்திலோ, காண்டவ வனம் எரிந்த கதை இந்திரப்பிரத்த நகரின் வரலாற்றோடு சேர்ந்தே வருகிறது. நெருப்பால் காடு கழனியாயிற்று, நகருமாயிற்று.

எனினும் நெருப்பு காட்டை அழித்தது மட்டுமன்று. காட்டிற்கு வடிவமும் கொடுத்தது. இலையுதிர் காடுகளில் கோடையில் சருகு நிறைந்து கிடக்கும். அதில் எழும் தீ முழங்கால் அளவே உயர்ந்து விரைந்து கடந்துவிடுமாயின், தடித்த பட்டையுள்ள மரங்கள் பிழைத்துக் கொள்ளும். மெல்லிய பட்டையுள்ள கன்றுகள் மடியும். மழை பெய்ததும் புல் தளிர்க்கும். மானும் காட்டெருதும் அதனை மேய வரும். பர்மாவின் தேக்குக் காடுகளில் தீயை அறவே தடுத்தபோது, இயற்கையாக முளைக்கும் தேக்குக் கன்றுகள் குறைந்தன என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வன அதிகாரிகள் சிலர் எடுத்துரைத்தனர்.

இவ்வுண்மையை ஏட்டில் படியாமலே அறிந்தவர் சோலிகர். சாமராசநகர் மாவட்டத்துப் பிளிகிரிரங்கன் மலையிலும், எல்லைக்கு இப்பால் ஈரோடு மாவட்டத்துச் சத்தியமங்கல மலைகளிலும் இவர்கள் வாழ்கின்றனர். கோடையின் முன்பகுதியில், சருகு முற்றிலும் உலர்ந்து குவியுமுன், அங்கங்கே சிறுதீ மூட்டுவது இவர்தம் பழைய வழக்கம். இதனைத் ‘தரகு பெங்கி’ என்பர். சருகுத் தீ என்பது பொருள். பாதை தெளியும், புல் தளிர்க்கும், நெல்லி மரத்தைப் பற்றி அதன் சாற்றை உறிஞ்சும் புல்லுருவியும் அடங்கும் என்பது அவர் கூற்று. நெல்லிக்கனி சேகரித்து வாழ்வோர்க்கு இது சிறு செய்தியன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1878-ஆம் ஆண்டு வனச் சட்டம், ஒதுக்கப்பட்ட காடுகளில் தீயிடுதலைக் குற்றமாக்கியது. மரத்தின் விலையைக் கணக்கிட்ட அரசுக்கு, எரியும் புல்லெல்லாம் நட்டமாகவே தோன்றிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-இல் பிளிகிரிரங்கன் மலை சரணாலயமாயிற்று. சோலிகரின் சருகுத் தீயும் நின்றது.

அதன்பின் காட்டின் தோற்றம் மாறலாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி அம்மலையெங்கும் புதராய்ப் பரவியது. முன்னாளில் ஆண்டுதோறும் எழுந்த சிறுதீ அதன் இளங்கன்றுகளை அழித்து வந்தது என்று சோலிக முதியோர் கூறுகின்றனர். பெங்களூருவில் இயங்கும் ‘ஏட்ரீ’ ஆய்வு நிறுவனத்தார் இக்கூற்றைத் திரட்டி 2012-இல் கட்டுரையாக வெளியிட்டனர். தீயை நிறுத்தியது ஒன்றே காரணம் என்று நாம் துணிந்து கூறவியலாது. ஆனால் அடர்ந்து உலர்ந்த புதரில் தீப்பற்றினால், அது முழங்காலளவோடு நில்லாது. மரத்தின் முடிவரை ஏறும்.

2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் மூண்ட பெருந்தீ 10,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பை எரித்தது. விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் நீர் பொழிய வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேறச் சென்ற இளைஞர் பலர் தீயில் சிக்கி மாண்ட துயரத்தை நாம் மறந்திலோம்.

ஆகவே எல்லாத் தீயும் நன்று என்பது நம் கருத்தன்று. ஆண்டுதோறும் பரந்து எரியும் தீ மரக்கன்றுகளைத் தலையெடுக்க விடாது. அவ்வாறாயின் முதிர்ந்த மரம் வீழும்போது அதன் இடத்தை நிரப்ப இளமரம் இராது. மழைக்காடும் சோலையும் சிறுதீயையும் தாங்கமாட்டா. எந்தக் காட்டில், எந்தத் திங்களில், எவர் அறிவைக் கொண்டு தீயிடுவது என்பதே வினா. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் வழி, பிளிகிரிரங்கன் மலைச் சோலிகருக்குக் காட்டு விளைபொருள் மீதான சமூக உரிமை 2011-இல் வழங்கப்பட்டது. அவர்தம் தீயறிவுக்கும் செவிசாய்ப்பது அடுத்த படியாகும். சருகுத் தீ மூட்டக் கற்றிருந்த முதியோர் இருக்கும்போதே அது நிகழ்தல் வேண்டும். அவருக்குப் பின் கேட்பதற்கு ஆளில்லை.

நம் பங்கும் ஒன்று உண்டு. அடுத்த முறை அச்சாலையில் செல்லும்போது வண்டியை நிறுத்தி அடுப்பு மூட்டாதிருப்போம். அணையாத பீடித் துண்டை எறியாதிருப்போம். காலமும் அளவும் அறிந்து சோலிகர் மூட்டிய தீ வேறு. கவனமின்றி நாம் விட்டுச் செல்லும் பொறி வேறு.